படத்தில் விழாத குரல்

பறவைப் படம் எடுக்கிற எங்கள் ஆட்களுக்குள் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒருவர் அதில், கனடா ஏரிகளில் முக்குளித்து மீன் பிடிக்கிற லூன் என்ற நீர்ப்பறவையின் படம் ஒன்று போட்டார். ஏரித் தண்ணீருக்கு மேலே பறவை கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக எழும்பி நிற்கிறது. வெள்ளை வயிறு முழுக்கத் தெரிகிறது, சொண்டு நெஞ்சோடு ஒட்டினமாதிரி மடங்கியிருக்கிறது, செட்டைகள் பாதி விரிந்திருக்கின்றன, காலடியில் தண்ணீர் நுரைத்துச் சிதறுகிறது. வெளிச்சம், கூர்மை, பின்னணி எதிலும் குறை சொல்ல இடமில்லை. கீழே பாராட்டுகள் வந்து குவிந்தன. "என்ன வடிவான நடனம்!" என்று ஒருவர். "சரியான நேரத்தில் அமத்தியிருக்கிறீங்கள்" என்று இன்னொருவர். நானும் அந்தப் படத்தைக் கன நேரம் பார்த்தேன். பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் அந்தப் பறவை என்ன சத்தம் போட்டுக்கொண்டு நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்திய கோடையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து அல்கொன்குயின் பூங்காக் காட்டுக்குள் அதை நேரில் கேட்டிருந்தேன். குழுவில் நாலு வரியில் சொல்லிமுடிக்கக்கூடிய விஷயமாக அது எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

லூன் பறவையைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். கறுப்பும் வெள்ளையும் ஒரே உடம்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பின்னால் இருப்பது இருண்ட ஏரி. கமராவைத் தன்பாட்டுக்கு விட்டால் அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முதுகில் இருக்கிற சதுரக் கட்டங்களும் நெஞ்சின் வெள்ளை இறகும் வெளிறிப்போகும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டொப் (கமராவில் வெளிச்சத்தை அளக்கிற படி) அளவில் குறைத்து வைத்தால் வெள்ளை தப்பும், ஆனால் தலை கரிக்கட்டியாகிவிடும். அந்தத் தலையின் கறுப்புக்குள் ஒரு பச்சை மினுக்கம் இருக்கிறது. வெயில் தாழ்வாகவும் எங்கள் முதுகுப் பக்கமிருந்தும் விழுந்தால்தான் அது தெரியும். கண்ணின் சிவப்பும் அப்படித்தான். இவ்வளவும் ஒழுங்காக அமைந்து வருகிற நேரத்தில் பறவை சத்தமில்லாமல் முக்குளித்துவிடும். எந்தத் திசையில் எழும்பும் என்று யாராலும் சொல்லமுடியாது. ஆகவே நல்ல லூன் படம் எடுத்தவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்குக் கேள்வி இருப்பது எந்தப் படத்தை நல்ல படம் என்கிறோம் என்பதில்தான்.

இரண்டு போர்ட்டேஜ் தள்ளி

நாங்கள் போனது ஜூலைத் தொடக்கத்தில். நான், மச்சான், என் மகள். எந்த ஏரி என்று எழுதப்போவதில்லை; அங்கே ஒரு கூடு இருக்கிறது, லூன்கள் பழைய இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறவை. ஹைவே 60 இலிருந்து கனூ என்கிற துடுப்புப் படகை இறக்கி, இரண்டு இடத்தில் அதைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போர்ட்டேஜ் என்கிற காட்டுப்பாதையால் நடந்து சேரக்கூடிய ஏரி என்பது போதும். அல்கொன்குயினின் உட்பகுதிக்குத் தகர டின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகக்கூடாது. மச்சான் பருப்பையும் தூள்களையும் சின்னச் சின்னப் பைகளில் கட்டி எடுத்து வந்திருந்தார். நுளம்புக்கும் கறுப்பு ஈக்கும் நெருப்புப் புகைதான் துணை. அந்தக் கறுப்பு ஈக்களில் ஒரு வகை லூனின் இரத்தத்தையே தேடி வருகிறது. பறவை இறகு கோத எடுக்கிற எண்ணெயின் மணம் அதை இழுக்கிறதாம். சில வருஷங்களில் அந்த ஈ மொய்த்து, அடைகாக்கிற பறவை முட்டையை விட்டுவிட்டே எழும்பிப் போய்விடும். மனிதர் யாரும் போகாவிட்டாலும் அதற்குப் பாடு போதியளவு இருக்கிறது.

எங்கள் கூடாரம் ஒரு கருங்கல் முனையில் இருந்தது. எதிரே கோரைப்புல் வளர்ந்த ஒரு சின்ன வளைகுடா. அதற்குள்தான் அந்தச் சோடி இருந்தது, இரண்டு குஞ்சுகளோடு. குஞ்சுகள் பொரித்து ஒரு கிழமைக்குமேல் ஆகியிருக்காது. சாம்பல்கறுப்புப் பஞ்சு உருண்டை இரண்டும் மாறி மாறித் தாயின் முதுகிலோ தகப்பனின் முதுகிலோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். தூர நின்று பார்த்தால் ஆண் எது பெண் எது என்று பிரிக்கமுடியாது. இரண்டும் ஒரே மாதிரி, இரண்டும் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்கின்றன. அந்த முதல் இரண்டு கிழமையும் முதுகுதான் குஞ்சுக்கு வீடு. கீழே தண்ணீருக்குள் பெரிய மீனும் ஆமையும், மேலே கழுகு.

இரவில் நெருப்பு தணிந்த பிறகு ஓலம் தொடங்கும். நீண்டு, மெல்ல ஏறி, ஏறின இடத்தில் நின்று, பிறகு இறங்குகிற குரல். ஒன்று கூப்பிட, ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மற்றது பதில் சொல்லும். மகள் முதல் இரவு ஓநாய் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். லூனிடம் நாலு குரல்கள் உண்டு என்று அவளுக்குச் சொன்னேன். இந்த ஓலம் "நீ எங்கே, நான் இங்கே" என்பது. குஞ்சுகளோடு இருக்கும்போது மூக்கால் வருகிற சின்ன "ஊக்" சத்தம் வீட்டுக்குள் கதைக்கிற கதை. மூன்றாவது ஆணுக்கு மட்டுமே உரிய எல்லைக் குரல். கழுத்தைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு அது கத்தும். ஒவ்வோர் ஆணுக்கும் தனித்தனிக் குரல், உடம்பு கனத்த ஆணுக்குக் குரலும் தாழ்ந்திருக்கும், இடம் மாறி வேறு ஏரிக்குப் போனால் அந்தக் குரலையே மாற்றிக்கொள்ளும். நாலாவது, நடுங்கி நடுங்கி வேகமாக வருகிற குரல். சினிமாக்காரர் காட்டுக் காட்சி என்றால் இதையும் எடுத்துப்போடுவார்கள். கேட்கிறவருக்குப் பைத்தியச் சிரிப்புப் போல இருக்கும். அது அபாயக் குரல்.

கயாக் வந்த காலை

விடிய ஆறு மணி இருக்கும். ஏரிக்குமேல் பனிப்புகார் இன்னும் முழுக்கக் கிளம்பவில்லை. நான் கல்லில் கமராவோடு உட்கார்ந்திருந்தேன், மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில். சோடியில் ஒன்று குஞ்சுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தது. விரல் நீளத்தில் ஒரு மீனைச் சொண்டின் நுனியில் குறுக்காகப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, குஞ்சுக்கு முன்னால் நீட்டியது. குஞ்சு பிடித்தது, நழுவவிட்டது. தாயோ தகப்பனோ, உடனே தலையைத் தண்ணீருக்குள் விட்டு அந்த மீனையே மறுபடி எடுத்து வந்து நீட்டியது. திரும்பவும் விழுந்தது. திரும்பவும் எடுத்தது. அவசரம் இல்லை, கோபம் இல்லை. கடைசியில் குஞ்சு தலையை அண்ணாந்து விழுங்க, மீனின் வால் கொஞ்ச நேரம் வாய்க்கு வெளியே நின்று பிறகு உள்ளே போனது. என் வாழ்க்கையில் நான் லென்ஸுக்கு ஊடாகப் பார்த்தவற்றில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

அப்போதுதான் புகாருக்குள்ளிருந்து ஒரு கயாக் வந்தது. தனி ஆள். மடியில் பெரிய லென்ஸ் பூட்டின கமரா. அவர் முரட்டுத்தனமாக வரவில்லை. துடுப்பை மெதுவாகப் போட்டு, நிறுத்தி, மிதந்து, மறுபடி போட்டு வந்தார். மனிதக் கண்ணுக்கு அது மரியாதையான நெருக்கம்தான். வளைகுடா வாய்க்கு அவர் வந்து சேர்ந்ததும் முதல் நடுக்கக் குரல் எழும்பியது. இரண்டாவது பறவையும் சேர்ந்துகொண்டது. வளைகுடாவுக்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் கயாக். குஞ்சுகள் இரண்டும் முதுகிலிருந்து இறங்கிவிட்டன. ஒரு பறவை அவற்றைக் கோரைப்புல் பக்கம் ஒதுக்கியது. மற்றது நேரே கயாக்குக்கு முன்னால் போய் எழும்பியது.

நாலைந்து கிலோப் பாரமுள்ள பறவை தன் முழு உடம்பையும் தண்ணீருக்கு வெளியே தூக்கி நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். மற்றப் பறவைகளுக்கு இருக்கிற அளவுக்கு லூனின் எலும்புகளில் காற்றறை கிடையாது. முக்குளிப்பதற்காக அது பாரமாகவே அமைந்திருக்கிறது. கால்கள் உடம்பின் பின்நுனியில். தரையில் அதால் ஒழுங்காக நடக்க முடியாது, பறப்பதற்கே நீண்ட தூரம் தண்ணீரில் அடித்து ஓடவேண்டும். அப்படிப்பட்ட உடம்பை, பாதங்களால் தண்ணீரை மிதித்து மிதித்து நிமிர்த்தி, சொண்டை நெஞ்சில் குத்தி வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் நகர்ந்தது. விழுந்தது. திரும்ப எழும்பியது. விடாமல் கத்தியது. கயாக்கிலிருந்து கமராவின் கிளிக் சத்தம் தண்ணீரில் ஏறி எங்கள் கல் வரைக்கும் வந்தது.

"அப்பா, அது டான்ஸ் ஆடுதா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லையம்மா. பயத்திலை நிக்குது. குஞ்சுகளிட்டை வரவேண்டாம் எண்டு சொல்லுது."

"அவருக்கு அது தெரியாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. மச்சான் கல்லின் நுனிக்குப் போய் இரண்டு கையையும் ஆட்டிப் பின்னுக்குப் போகச்சொல்லிச் சைகை காட்டினார். அந்த மனிதர் அதைக் காலை வணக்கமாக எடுத்துக்கொண்டு திரும்பக் கையசைத்தார். கொஞ்ச நேரத்தில் தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதுபோல் கயாக்கைத் திருப்பிக்கொண்டு போனார். பறவைகளின் குரல் அவர் போனதும் நிற்கவில்லை. நாங்கள் தேத்தண்ணி வைத்துக் குடித்து முடித்த பிறகுதான் குஞ்சுகள் மறுபடி முதுகில் ஏறின. அந்த நேரம் முழுக்க மேலே ஒரு கடற்காகம் சுற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் போர்ட்டேஜ் துறையில் அவரைத் திரும்பக் கண்டோம். நல்ல மனிதர், எங்கள் கனூவைக் கரையேற்றக் கை கொடுத்தார். மகளைக் கூப்பிட்டு, கமராவின் பின்திரையில் அந்தப் படங்களைச் சந்தோஷமாகக் காட்டினார். அது பயந்து நின்றதா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, லூன்கள் இப்படித்தான் நடனமாடும், நீங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று அவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். நான் நின்று அவருடன் கதைத்தேன், குரலைப்பற்றிச் சொன்னேன். மறுக்காமல் கேட்டார். தன் படங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டிப் பார்த்தார். கயாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகும்போது அதிகம் பேசவில்லை. எனக்கு உறைத்தது அவர் திரையில் இருந்த படங்கள்தான். கல்லிலிருந்து நான் கேட்டது எதுவும் அவற்றில் இல்லை. அந்த அலறல் முழுதும் கழிந்துபோய், வடிவம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த வடிவம் உண்மையிலேயே அழகாக இருந்தது. குழப்பமே அதுதான்.

நின்ற நிலையை வாசிப்பது

நிமிர்ந்து நிற்கிற லூன் படம் எல்லாமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. இறகு கோதி முடித்த லூன் எழும்பிச் செட்டையை நன்றாக விரித்து நாலைந்து தரம் உதறிவிட்டு உட்காரும். அது உடம்பைச் சரிப்படுத்துகிற வேலை, இரண்டு மூன்று வினாடியில் முடிந்துவிடும், சத்தம் இருக்காது. அந்தப் படத்தில் சொண்டு முன்னோக்கியோ சற்று மேல்நோக்கியோ இருக்கும், செட்டை முழுக்க விரிந்திருக்கும், சுற்றியுள்ள தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பயந்து எழும்பினதில் சொண்டு நெஞ்சை நோக்கி வளைந்திருக்கும், செட்டை ஒடுங்கியோ அரைகுறையாகவோ இருக்கும், பின்னால் தண்ணீர் கலங்கின தடம் நீளமாகத் தெரியும். இன்னொரு லூன் எல்லைக்குள் வந்தாலும் இப்படி நிற்பதுண்டு. ஆனால் சட்டகத்துக்குள் வேறு பறவை இல்லை, பறவை கமராவையே பார்க்கிறது என்றால், எல்லைக்குள் வந்தவர் யார் என்று யோசிக்க அதிகம் இடமில்லை.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது கூட்டில் எடுக்கிற படம். அடைகாக்கிற லூன் கழுத்தை நீட்டி, தலையைக் கூட்டின் விளிம்புக்குக் கீழே தண்ணீரோடு ஒட்டத் தொங்கவிட்டிருக்கும். பார்க்கிறவருக்கு அது களைத்துப்போய்த் தூங்குகிறமாதிரி இருக்கும், "எவ்வளவு சாந்தம்" என்று எழுதுவார்கள். உண்மையில் பறவை தன்னை மறைக்கப் பார்க்கிறது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் தண்ணீருக்குள் வழுக்கிவிடும். பிறகு அந்த இரண்டு முட்டையும் திறந்தபடி கிடக்கும். ரக்கூனுக்கும் அண்டங்காகத்துக்கும் அந்த இடைவெளி போதும். அடைகாக்கிற 28 நாளில் இது எத்தனை தரம் நடக்கலாம் என்று கணக்கு யாரும் வைப்பதில்லை. ஒரு காலையில் வருகிற ஒவ்வொரு கனூவும் தான் மட்டுமே வந்ததாக நினைத்துக்கொண்டு போகும்.

ஒருதரம்தானே, பறவை மறந்துவிடும் என்று சொல்பவர்களுடன் நான் வாதாடியிருக்கிறேன். லூன் கோழை இல்லை. 2019 இல் மெய்ன் மாநிலத்தில் ஓர் ஏரியில் செத்துக் கிடந்த வெண்தலைக் கழுகைச் சோதித்தபோது, அதன் இதயம்வரை போன குத்துக் காயம் லூனின் சொண்டால் வந்தது என்று தெரிந்தது. பக்கத்தில் லூன் குஞ்சொன்றும் செத்துக் கிடந்தது. கழுகையே குத்தி விழுத்தக்கூடிய பறவைதான் எங்கள் கமராவுக்கு முன்னால் எழும்பி நிற்கிறது. அப்படி நிற்கிற நிமிஷங்களில் அது மீன் பிடிக்கவில்லை, குஞ்சைச் சுமக்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. லூன் ஆறு வயது அளவில்தான் முதல்முறை குஞ்சு பொரிக்கிறது, பொரித்தாலும் வருஷத்துக்குக் கூடினால் இரண்டு. ஒரு சோடிக்குச் சராசரியாக வருஷத்தில் அரைக் குஞ்சு ஆறு வாரம் தாண்டிப் பிழைத்தால்தான் தொகை குறையாமல் நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கனடாவில் 1981 இலிருந்து தொண்டர்கள் ஏரி ஏரியாகப் போய் ஜூனில் சோடியையும் ஜூலையில் குஞ்சையும் ஆகஸ்டில் தப்பின குஞ்சையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் குஞ்சுகளின் தொகை இறங்கிக்கொண்டுதான் வருகிறது. அமில மழை, பாதரசம், மீன்பிடிக்காரரின் ஈயக் குண்டு என்று காரணங்கள் பல. அவற்றையெல்லாம் ஒரு படக்காரரால் நிறுத்தமுடியாது. லென்ஸைத் திருப்புவதும் துடுப்பை நிறுத்துவதும் எங்கள் கையில் இருக்கிறது.

அந்த ஏரியில் மிச்ச நாட்களில் நான் தண்ணீரில் இறங்கவில்லை. கல்லில் தாழ்வாக உட்கார்ந்து, முக்காலியின் இரண்டு காலைத் தண்ணீருக்குள் வைத்து, காலையும் மாலையும் அசையாமல் இருந்தேன். லூன்கள் கரையோரமாகவே மேய்கிறவை. ஒரு நாளின் போக்கை ஒழுங்காகக் கவனித்தால் எந்த முனையை எந்த வெயிலில் கடக்கும் என்பது பிடிபட்டுவிடும். ஒருதரம் அவை குஞ்சுகளோடு நான் இருந்த கல்லுக்கு மிகக் கிட்டவே வந்தன, முதுகில் உருண்டு நின்ற தண்ணீர்த் துளி வெறும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அந்தச் சின்ன "ஊக்" சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தன, தொடர்ந்து நீந்தின. எவ்வளவு கிட்ட என்பதை அவைதான் முடிவு செய்தன. அப்படிக் கிடைத்த படத்தில் பரபரப்பாக ஒன்றும் நடக்கவில்லை. பறவை தண்ணீரில் தாழ்ந்து மிதக்கிறது, பின்னால் மரங்கள். கனடாவில் 1987 இலிருந்து எல்லோர் பையிலும் கிடக்கிற ஒரு டொலர் நாணயத்தில், ரொபர்ட் றால்ஃப் கார்மைக்கேல் வரைந்த லூனும் இதே நிலையில்தான் இருக்கிறது. இந்த நாடு தன் முகமாக வைத்துக்கொண்டது அமைதியாய் மிதக்கிற பறவையை. எங்கள் குழுக்களும் போட்டிகளும் பதறி எழும்பின பறவையைத்தான் தேடித் தேடித் தெரிவுசெய்கின்றன. இதை மாற்றவேண்டும் என்று நான் கேட்கிறேன். படம் போடும்போது பறவை என்ன குரல் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் கீழே எழுதச் சொல்லலாம். எழுத முடியாதவர் கேட்கவில்லை என்று எழுதட்டும்.

வரும் கோடைக்கு நாங்கள் ஜூலையை விட்டுவிட்டு ஆகஸ்டின் இரண்டாம் பாதியைப் பார்க்கிறோம். அப்போது குஞ்சுகள் தாங்களே முக்குளித்து மீன் பிடிக்கப் பழகியிருக்கும், கறுப்பு ஈயும் போயிருக்கும், விடியற்காலைப் புகார் நன்றாக இறங்கத் தொடங்கியிருக்கும். அல்கொன்குயினில் உட்பகுதிக் கூடார இடங்களுக்கான பதிவு ஐந்து மாதத்துக்கு முன்னர் காலை 7 மணிக்குத் திறக்கிறது. ஆகவே மார்ச்சில் ஒருநாள் மூன்று பேரும் வேளைக்கே எழும்பவேண்டும். மச்சான் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். கமராவை நான் பார்த்துக்கொள்ள, குரல்களைத் தான் பதிவு செய்யப்போவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.